மூன்று மாதமாக அடிவயிறு வலி, வீக்கம். எல்லோரும் “சூடு” என்கிறார்கள்

தக்காளிக்காரி (பாலக்கோடு)

அக்கா தங்கைகளுக்கு வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். வயது 38. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது சிசேரியன், அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டேன். அது ஆகிறது ஒன்பது வருடம்.

மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி. தூரத்துக்கு, அதாவது மாதவிலக்குக்கு, நான்கு நாள் முன்பே ஆரம்பித்துவிடும். இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினாற்போல இருக்கும், தொடை வரை இழுக்கும். முன்பெல்லாம் மூன்று நாளில் நின்றுவிடும் உதிரம் இப்போது எட்டு நாள் போகிறது, அதுவும் கட்டி கட்டியாக. வயிறு வேறு உப்பி நிற்கிறது. பாவாடை நாடாவைப் பழைய இடத்தில் முடிய முடியவில்லை. மண்டிக்குத் தக்காளி கொண்டுபோனால் “எத்தனை மாசம்?” என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மாமியார் சூடு என்கிறார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாயிற்று, தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டாயிற்று, கால் கட்டைவிரலில் சுண்ணாம்பும் தடவியாயிற்று.

தருமபுரியில் ஒரு ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டில் “பல்கி யூட்டரஸ்” என்றும், வலது சினைப்பையில் 3.2 செ.மீ. சிஸ்ட் என்றும் போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனால், வயிற்றில் கைவைத்துக்கூடப் பார்க்காமல், “ரெண்டு பிள்ளை இருக்கில்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம், அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். வீட்டில் வட்டிக்குப் பணம் கேட்டு அலைகிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இப்படி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஓசூர்ஷிப்ட் (காவேரிப்பட்டணம்)

எனக்கும் அடிவயிறு வலிதான், ஆனால் உங்களுடையது மாதிரி இல்லை. ஓசூர் கம்பெனியில் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்தால்தான் கம்பெனி பஸ் பிடிக்க முடியும். லைனில் உட்கார்ந்துவிட்டால் பாத்ரூம் போக மாற்று ஆள் வரவேண்டும். அதனால் நாங்கள் பாதிப் பேர் தண்ணீரே குடிக்க மாட்டோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து, சொட்டுச் சொட்டாகப் போய், தொப்புளுக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி வலி. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை குளிர் காய்ச்சலும் விலா எலும்புக்குக் கீழே பின்பக்கம் வலியும் சேர்ந்து வர, அட்மிட் செய்துவிட்டார்கள். கிருமி கிட்னி வரை ஏறிவிட்டதாம்.

எங்கள் ஊரில் எல்லோரும் “புளோரைடு தண்ணி, அதான்” என்றார்கள். அது உண்மையா, யாராவது சொல்லுங்கள்.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் பல வருடம் ஓடி ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஓசூர் தங்கைக்கு. புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் வந்ததே அதற்காகத்தான். நீர்க்கடுப்புக்கு அதைக் குற்றம் சொல்லாதீர்கள். தண்ணீர் குடிக்காததும், அடக்கி வைப்பதும், அரைகுறையாக மாத்திரை போட்டதும் சேர்ந்து செய்த வேலை அது. திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரை போடுவதற்கு முன்பே மூத்திரத்தைக் கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று அதில்தான் தெரியும்.

பாலக்கோட்டுத் தங்கைக்கு: மாமியார்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் அம்மாவும் எல்லாவற்றுக்கும் சூடு என்றுதான் சொல்வார். ஆனால் வார்டில் நான் பார்த்தவரை, “சூடு” என்று வந்தவர்களில் ஒருத்திக்கு மூத்திரக் கிருமி, ஒருத்திக்கு நார்க்கட்டி, ஒருத்திக்குக் கர்ப்பப்பைக்கு வெளியே கரு, இன்னொருத்திக்குக் குடல்வால். இடுப்புக்குழி என்பது ஒரு சின்னச் சட்டி. அதற்குள் கர்ப்பப்பை, சினைப்பை, மூத்திரப்பை, மலக்குடல் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எது நொந்தாலும் அடிவயிறு வலி என்றுதான் நமக்குத் தெரியும். அதனால்தான் “எங்கே வலிக்குது” என்பதைவிட “எப்ப வலிக்குது, கூட என்ன வருது” என்று டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள்.

“பல்கி யூட்டரஸ்” என்பது நோயின் பேரே இல்லை. கர்ப்பப்பை வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஏன் பருத்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் வயதில் பெரும்பாலும் இரண்டு காரணம்.

ஒன்று நார்க்கட்டி, ஃபைப்ராய்டு. கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. புளியங்கொட்டை அளவிலும் இருக்கும், மல்கோவா அளவிலும் இருக்கும். அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம். உள்பக்கம் துருத்தினால் சின்னக் கட்டியே கொட்டு கொட்டென்று உதிரம் போகவைக்கும். முன்பக்கம் மூத்திரப்பையை அழுத்தினால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். பின்பக்கம் என்றால் மலச்சிக்கல். நார்க்கட்டி புற்றுநோயாவது மிக மிக அபூர்வம். தொல்லை தராத கட்டிக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு தசைச் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்வது. மாதாமாதம் அந்தச் சவ்வும் கசியும், ஆனால் வெளியே வர வழியில்லை. சுவர் ஊறிப்போன பஞ்சு மாதிரி தடித்து நோகும். நீங்கள் சொல்கிற கயிறு போட்ட வலி, கட்டி கட்டியாக உதிரம், உப்பல் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் பரிசோதித்துப் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்லக்கூடாது.

3.2 செ.மீ. சிஸ்ட்டுக்கு இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டை முதிர மாதாமாதம் சினைப்பையில் ஒரு நீர்ப்பை உருவாகத்தான் செய்யும். 5 செ.மீ.க்கு உட்பட்ட, உள்ளே வெறும் நீர் மட்டுமே இருக்கிற பை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். ரிப்போர்ட்டில் “சிம்பிள்” என்ற சொல் இருக்கிறதா, பாருங்கள்.

எட்டு நாள் உதிரப்போக்கு என்கிறீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஹீமோகுளோபின் பார்த்தார்களா?

மூலிகைதாசன் (பென்னாகரம்)

எதற்கு இவ்வளவு குழப்பம்? சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி. கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் பொடித்து மோரில் 48 நாள் சாப்பிட்டால் கரைந்து ஓடிவிடும். எங்கள் சித்தி பெண்ணுக்குப் போயே போய்விட்டது.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

தம்பி, உங்கள் சித்தி பெண்ணுக்கு ஒழுங்கற்ற மாதவிலக்கு, முகத்தில் முடி, எடை என்று எதற்காவது ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அது பி.சி.ஓ.டி. அதையும் நீர்க்கட்டி என்கிறோம், இதையும் நீர்க்கட்டி என்கிறோம். தமிழில் ஒரே சொல்லாகப் போனதால் வந்த வம்பு இது. பி.சி.ஓ.டி.யில் இருப்பவை முதிராமல் நின்ற குட்டிக் குட்டி முட்டைப்பைகள். அவை பொதுவாக வலிக்காது, வயிற்றையும் வீங்க வைக்காது. இந்தத் தங்கைக்கு இருப்பது தனியாக ஒரு பை. அது எப்படியும் 48 நாளில் வற்ற வாய்ப்பிருக்கிறது. கழற்சிக்காய் சாப்பிட்டிருந்தால் பேர் அதற்குப் போயிருக்கும்!

சித்த மருத்துவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். என்ன நோய் என்று தெரிந்தபின் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

லாரிக்காரன் (தொப்பூர்)

பெண்கள் பேசும் இடத்தில் எழுதுகிறேன், மன்னிக்கணும். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரிக்கு அப்போது 34 வயது. குடும்பக் கட்டுப்பாடு செய்து ஆறு வருடம். நாள் பதினைந்து தள்ளிப்போனது. ஆபரேஷன் செய்தாச்சே என்று யாரும் யோசிக்கவில்லை. லேசாகக் கறை மட்டும் பட்டது, தூரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நான் கிரானைட் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போய்க்கொண்டிருந்தேன். சாயந்திரம் வலது பக்கம் அடிவயிற்றில் சுருக்கென்று வந்திருக்கிறது. தோள்பட்டை நுனியும் வலிக்கிறது என்று சொன்னாளாம். வயிற்று வலிக்குத் தோள் எதற்கு வலிக்கும்? வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தவள் சல்லடையோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்ததாம்.

பக்கத்து வீட்டுப் பையன் 108-ஐக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் முதலில் கர்ப்பமா என்று மூத்திரம் டெஸ்ட் செய்தார்கள். எங்கம்மாவுக்குக் கோபம், “ஆபரேஷன் பண்ணின பொண்ணைப் பார்த்து என்ன பேச்சு” என்று. டெஸ்டில் இரண்டு கோடு. கருக்குழாயில் கரு தங்கி வெடித்து வயிறு முழுக்க இரத்தம். நான்கு யூனிட் ஏற்றினார்கள். நான் விழுப்புரம் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள்.

தக்காளிக்கார அக்காவும் ஆபரேஷன் செய்தவர் என்று படித்ததும் கை தானாக எழுதுகிறது.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

லாரிக்காரத் தம்பி, இங்கே எழுதியதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு தவறுவது அபூர்வம். ஆனால் தவறிக் கரு தங்கினால் அது குழாயில் தங்க வாய்ப்பு அதிகம். அதனால் ஆபரேஷன் செய்திருந்தாலும் சரி, காயில் (காப்பர்-டி) போட்டிருந்தாலும் சரி, நாள் தள்ளி ஒரு பக்கம் வலித்தால் கர்ப்ப டெஸ்ட் செய்தே ஆகவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. தோள் வலிப்பது ஏனென்றால், வயிற்றுக்குள் கொட்டிய இரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத இன்னொன்று சினைப்பை முறுக்கிக்கொள்வது. பெரிய சிஸ்ட் இருந்தால் சினைப்பை தன் காம்பிலேயே திருகிக்கொள்ளலாம். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. சில மணி நேரத்தில் இரத்த ஓட்டம் நின்று சினைப்பையே போய்விடும். காய்ச்சலோடு அடிவயிறு தொடமுடியாமல் நோவது, மயக்கம், மணிக்கு ஒரு நாப்கின் நனைவது இவையும் அப்படித்தான், உடனே கிளம்ப வேண்டும்.

ஜன்னலோரம் (ஊத்தங்கரை)

எனக்கு 23. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாதமும் வலி. பிரேயரில் நின்றபடியே விழுந்திருக்கிறேன். பி.டி. டீச்சர் நடிப்பு என்றார். அம்மா, “எல்லா பொம்பளைக்கும் இருக்கறதுதான், கல்யாணமானா சரியாயிடும்” என்றார். மெஃப்டால் என்ற வலி மாத்திரையைப் போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். ஸ்கேன் இரண்டு தடவை நார்மல். ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

சேலத்தில் ஒரு அம்மா டாக்டர்தான் கேட்டார், “தூரமான நாள்ல வெளிக்குப் போகும்போது வலிக்குமா?” என்று. வலிக்கும். உயிர் போகும். ஆனால் அதை யாரிடம் சொல்வது? அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்து, எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். உள்வரிச் சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, எனக்குக் குடலுக்குப் பக்கத்தில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி “சாக்லேட் சிஸ்ட்” ஒன்று சின்னதாக. எட்டு வருடம் கழித்துத்தான் அதற்கு ஒரு பேர் கிடைத்தது. இப்போது டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை. வலி கால்வாசிதான் இருக்கிறது. திரும்ப வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஸ்கேனில் தெரியாமல் போவது சாதாரணம். மாத வலியால் பள்ளிக்கூடம், வேலை தவறுகிறது என்றால் அதை “எல்லாருக்கும் இருக்கறது” என்று விடக்கூடாது. கல்யாணம் இதற்கு மருந்தில்லை. மெஃப்டாலை வெறும் வயிற்றில் போடாதீர்கள். போட்டபின் உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்த மருந்தால் அரிதாக வரும் ஒவ்வாமை பற்றி 2023 கடைசியில் அரசே எச்சரிக்கை கொடுத்தது.

பேத்திஎழுதுகிறேன் (அரூர்)

எங்கள் ஆயா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஆயாவுக்கு 61. ஐந்து பிரசவமும் வீட்டிலேயே. குழந்தை பெற்ற பதினைந்தாம் நாள் மாட்டுக்குப் புல் சுமந்தவர்.

“எனக்கு வலின்னு சொல்ல முடியாது, இழுவை. நின்னா கீழ எதுவோ எறங்கற மாதிரி. படுத்தா சரியாப் போயிடும். கொல்லையில குத்துக்கால் வெச்சு உக்காந்தா கோழி முட்டை மாதிரி வெளிய வரும், கையாலயே உள்ள தள்ளிக்குவேன். ஆறு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. துணியக் கட்டிக்கிட்டே திரிஞ்சேன்.”

ஊருக்கு வந்த நர்ஸ் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அடி இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பை இறக்கம் என்றார்கள். ஆபரேஷனுக்கு ஆயா பயந்ததால் உள்ளே ரப்பர் வளையம் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் எடுத்துக் கழுவி வைத்துக்கொள்கிறார். போன மாதம் தீர்த்தமலை ஏறிவிட்டு வந்தார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

பெயர்வேண்டாம்

அக்கா, எனக்கு வீக்கம் உள்ளே இல்லை, வெளியே. கீழே ஒரு பக்கம் எலுமிச்சை மாதிரி. உட்கார முடியவில்லை. இதையெல்லாம் ஆண் டாக்டரிடம் காட்ட முடியாது. இன்னொன்று, கொஞ்ச நாளாக வெள்ளைப்படுவது நாற்றமடிக்கிறது, அடிவயிறும் மந்தமாக வலிக்கிறது.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

பெண்ணுறுப்பு வாசலின் இரு பக்கமும் வழவழப்பு நீர் சுரக்கும் பார்த்தோலின் சுரப்பிகள் உண்டு. அதன் வாய் அடைத்தால் இப்படித்தான் வீங்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சிவந்து, காய்ச்சல் வந்தால் சீழ் கோத்திருக்கிறது, கீறி எடுக்கவேண்டியிருக்கும். நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். இருமும்போது தொடை இடுக்கில் புடைத்து, படுத்தால் அமுங்குகிற வீக்கம் என்றால் அது வேறு, குடலிறக்கம்.

இரண்டாவது விஷயத்தைத் தள்ளிப்போடவே கூடாது. கிருமி கர்ப்பப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாயைத் தாக்கினால் பிற்பாடு குழந்தை தங்குவதே கஷ்டம். மாத்திரை இரண்டு வாரம் வரை கொடுப்பார்கள், வலி நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். பல சமயம் வீட்டுக்காரரும் மருந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் கிருமி திரும்பி வந்துவிடும். சொல்லத் தயங்கினால் டாக்டரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நம் நாட்டில் காசநோயும் இந்த இடத்தில் வரும், அதையும் விட்டுவிட மாட்டார்கள். மகப்பேறுப் பிரிவில் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்கலாம்.

மாங்கொட்டை (பர்கூர்)

சுருக்கமாக ஒன்று. எங்கள் பெரியம்மாவுக்கு 57. மாதவிலக்கு நின்று பல வருடம். இரண்டு வாய் களி தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார், வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. கேஸ் என்று ஐந்து மாதம் சோடாவும் ஜீரண மாத்திரையும். கடைசியில் சினைப்பைப் புற்றுநோய். வயிற்றில் இருந்தது காற்றே இல்லை, நீர். அந்த வயதில் புதிதாக உப்பல் வந்து இரண்டு மூன்று வாரம் குறையவில்லை என்றால் ஸ்கேன் எடுங்கள்.

தக்காளிக்காரி (பாலக்கோடு)

ஆறு வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கணும். பணம் புரட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்ப டெஸ்டும் செய்தார்கள், இல்லை. லாரிக்கார அண்ணனிடம் சொல்லத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

நர்ஸக்கா கேட்டாற்போலவே டாக்டரம்மாவும் தேதி தேதியாகக் கேட்டார். பெரியவனின் பழைய கணக்கு நோட்டில், வலித்த நாள், நாப்கின் எத்தனை, கட்டி உண்டா இல்லையா என்று எழுதி வைத்திருந்தேன். அதை வாங்கிப் பத்து நிமிடம் படித்தார். ஹீமோகுளோபின் 8.4. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். இந்த இரத்தத்தோடு ஆபரேஷன் டேபிளில் படுத்திருந்தால் என்று நினைத்தாலே நடுக்கம்.

மறுபடி ஸ்கேன். சிஸ்ட் காணோம்! அடினோமயோசிஸ்தான் என்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்தார்கள், சரியாக இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, அதை டீயோடு சேர்த்து விழுங்கக்கூடாதாம். போக்கு அதிகமான நாளுக்கு மட்டும் இன்னொரு மாத்திரை. அடுத்து ஹார்மோன் காயில் போடலாம் என்றார். “குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே, காயில் எதுக்கு?” என்று கேட்டேன். சிரித்தார். அது குழந்தைக்காக இல்லை, உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விட்டு உதிரத்தையும் வலியையும் குறைக்குமாம், ஐந்து வருடத்துக்கும் மேல் வேலை செய்யுமாம். எந்த மருந்துக்கும் கேட்காவிட்டால் கர்ப்பப்பையை எடுப்பது இருக்கவே இருக்கிறது, அப்போதும் சினைப்பையை விட்டுவைப்போம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். இந்த மாதம் ஐந்து நாளில் நின்றது.

பழையநர்ஸ் (கிருஷ்ணகிரி)

நல்லது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அடுத்த வாரம் வாங்க என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாமியார் என்ன சொல்கிறார்? இன்னும் சூடுதானா?

தக்காளிக்காரி (பாலக்கோடு)

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை துணைக்கு அவர்தான் வந்தார். போகும்போது பிங்க் பஸ்ஸில் அரூர் ஆயா எழுதியதைச் சும்மா படித்துக் காட்டினேன். ஒன்றுமே பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என் முறை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கையைப் பிடித்து, மெதுவாக, “அந்த வளையம் இங்கயே வெக்கறாங்களான்னு கேளு” என்றார்.

திரும்பப் போய் அவர் பேருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டேன்.